ஒரு டாலரும் முந்நூறு டாலரும்

அத்தைக்கு 72 வயது. காலையில் இட்லிக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் ஊசி; இரவு படுக்கப் போகும்போது வார்ஃபரின் மாத்திரை. சர்க்கரை வந்து இருபது வருடமாகிறது, இதய வால்வு மாற்றி ஆறு வருடம். ஊசி மருந்து ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மாத்திரை அட்டை சாமி அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்கு அடியில். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதம் ஒருமுறை லேபுக்குப் போய்வருவார். கீரையை நினைத்தபோது நினைத்த அளவு சாப்பிடக் கூடாது, ஒரே சீராக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முருங்கைக்கீரைப் பொரியலை விட்டுக்கொடுத்ததுதான் அவருக்கு ஆபரேஷனைவிடப் பெரிய துக்கம்.

இந்த இரண்டு மருந்துகளும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பிறந்தவை. இன்சுலின் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில், 1921-22ல். வார்ஃபரின் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில், மேடிஸன் நகரில், 1940களில். இரண்டாவது மருந்தின் பெயரிலேயே அதன் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. விஸ்கான்ஸின் பழைய மாணவர் ஆய்வு அறக்கட்டளை என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘வார்ஃப்’. அதோடு கூமரின் என்ற தாவரப் பொருளின் வாலை ஒட்டிவிட்டார்கள். மாத்திரையோடு அறக்கட்டளையின் பெயரையும் சேர்த்துத்தான் அத்தை தினமும் விழுங்குகிறார். இன்சுலின் என்ற சொல்லில் டொரண்டோவின் சுவடே இல்லை. தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. கணையத்துக்குள் தீவுத் திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் செல்களே அதைச் சுரக்கின்றன.

பல்கலைக்கழகச் சம்பளத்தில் நடக்கும் உயிரியல் ஆராய்ச்சியில் காசு பெறும் சரக்கு ஒன்று கிடைத்துவிட்டால் அதை என்ன செய்வது? 1920களில் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டன. இரண்டும் வெவ்வேறு பதில் சொன்னதாகத்தான் பொதுவாக எழுதுகிறார்கள். டொரண்டோ தானம் செய்தது, மேடிஸன் கடை போட்டது என்பது அந்தக் கதை. சொல்ல வசதியாக இருக்கிறது, மேடையில் கைதட்டலும் வாங்கும். பாதிதான் உண்மை. இரண்டு இடத்திலும் காப்புரிமை வாங்கினார்கள், இரண்டு இடத்திலும் ராயல்டி வசூலித்தார்கள், இரண்டு இடத்திலும் தரச் சோதனை செய்தார்கள். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் டொரண்டோ. 1921க்கு முன்னால் சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு மருத்துவர்களிடம் இருந்த வைத்தியம் பட்டினி. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தி, உயிர் ஓடும் அளவுக்கு மட்டும் சாப்பாடு கொடுத்து, சாவைச் சில மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ தள்ளிப்போடுவார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோ பொது மருத்துவமனையில் கிடந்த லியோனார்ட் தாம்ஸனுக்கு வயது 14, எடை 30 கிலோவுக்கும் குறைவு. பிரடெரிக் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும், பேராசிரியர் மெக்லவுட் கொடுத்த அறையில் கோடை முழுக்க நாய்களை வைத்துச் சோதித்துப் பிழிந்தெடுத்த கணையச் சாற்றை ஜனவரி 11 அன்று அந்தப் பையனுக்குப் போட்டார்கள். கலங்கலான சாறு. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது; ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அடுத்த பன்னிரண்டு நாள் ஆல்கஹாலின் அளவைக் கூட்டிக் குறைத்து அந்தச் சாற்றைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23 அன்று மறுபடி ஊசி. இந்தமுறை சிறுநீரில் சர்க்கரை மறைந்தது. அந்தப் பையன் அதற்குப் பின் 13 வருடம் வாழ்ந்தான்.

மாயம் போலத் தோன்றும் இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகும் ஒரு கட்டம் உண்டு. பிப்ரவரியிலிருந்து டொரண்டோவில் இன்சுலின் வரவில்லை. குடுவையில் செய்தபோது வந்தது, பெரிய பாத்திரத்தில் செய்தபோது வரவில்லை. எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம், எது கெடுத்தது என்று காலிப்புக்கே பிடிபடவில்லை. கைப்பக்குவம் போய்விட்டது என்று சமையல்காரர்கள் சொல்வார்களே, அதேதான். மருந்து இருக்கிறது என்று செய்தி பரவி வாசலில் கூட்டம் சேரும்போது கையில் மருந்து இல்லை. 1922 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து எலி லில்லி நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டது இந்த நெருக்கடியில்தான். கம்பெனிக்கு ஒரு வருடம் சோதனை முறையில் தனி வாய்ப்பு. அந்தக் காலத்தில் அவர்கள் கண்டுபிடிக்கும் செய்முறையை டொரண்டோவோடு பகிர வேண்டும். லில்லியின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன் அமிலத்தன்மையைச் சரியான புள்ளியில் நிறுத்தி இன்சுலினை வண்டலாகப் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பின்தான் மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும் டன் கணக்கில் மருந்தாயின. ஆய்வுக்கூடம் மட்டும் இருந்திருந்தால் லியோனார்டோடு கதை முடிந்திருக்கும்.

இப்போது அந்த ஒரு டாலர். பான்டிங் மருத்துவ உறுதிமொழி எடுத்தவர். மருந்துக்குக் காப்புரிமை வாங்குவது தன் தொழிலுக்கு இழுக்கு என்று நினைத்து முதல் விண்ணப்பத்தில் பெயர் போட மறுத்தார். பிறகு, அவர் பெயர் இல்லாவிட்டால் அமெரிக்கக் காப்புரிமை செல்லாது என்ற சட்டச் சிக்கலால் சேர்ந்தார். பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923ல் தங்கள் உரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். உலகத்துக்கே சும்மா கொடுத்தார்கள் என்று இதைச் சொல்வது தவறு. கொடுத்தது பல்கலைக்கழகத்துக்கு. பல்கலைக்கழகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சி செய்தது. வேறொருவர் முந்திக்கொண்டு ஏகபோகம் வாங்கிவிடக் கூடாது, அதற்காகவே நாம் வாங்குவோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். கதவுக்குப் பூட்டு வாங்கி, சாவியைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்த மாதிரி.

அந்தச் சாவியைப் பல்கலைக்கழகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதில்தான் டொரண்டோவின் பெருமை இருக்கிறது. ஒரு டாலரில் இல்லை. இன்சுலின் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். பிரிட்டனுக்கான உரிமையை அந்நாட்டு மருத்துவ ஆய்வுக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக், 1920ல் நோபல் வாங்கியவர், மனைவிக்குச் சர்க்கரை நோய். 1922 கடைசியில் டொரண்டோ வந்து அனுமதி வாங்கிப் போய் நோர்டிஸ்க் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பன்றி இறைச்சித் தொழில் பெருகிய நாடு, கணையத்துக்குப் பஞ்சமில்லை. இன்று நோவோ நோர்டிஸ்க் என்று உலகம் அறியும் நிறுவனத்தின் ஒரு வேர் அது. 2023ல் அதன் பங்குச்சந்தை மதிப்பு டென்மார்க் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே தாண்டியது. ஏற்றியது உடல் எடை குறைக்கும் புது மருந்து என்றாலும், அந்தக் கடை திறந்தது டொரண்டோ கொடுத்த அனுமதிச் சீட்டில்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கம்பெனிகள் தயாரித்த இன்சுலினின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு மாதிரி வீரியச் சோதனைக்காக டொரண்டோவுக்குப் போனது. குறைந்தால் நோயாளிக்கு மயக்கம் ஒரு விதம், கூடினால் இன்னொரு விதம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. இன்னொரு நாட்டின் பல்கலைக்கழகக் குழு ஒன்று அமெரிக்க நோயாளிகளுக்காகப் பதினெட்டு ஆண்டுகள் ஒரு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தைப் போல வேலை பார்த்தது. காப்புரிமை 1941 டிசம்பரில் முடியும் நேரம் வந்தபோது அமெரிக்க நாடாளுமன்றம் அவசரமாகத் தனிச் சட்டமே போட்டு அந்தச் சோதனையை அரசின் கையில் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழக ஆராய்ச்சியால் சமுதாயத்துக்கு என்ன லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் காப்புரிமை எண்ணிக்கையையும் தொடங்கிய கம்பெனிகளையும் எண்ணுவார்கள். நிராகரித்த தொகுதிகளை யார் எண்ணுகிறார்கள்?

மேடிஸனுக்கு வருவோம். அங்கே 1890ல் ஸ்டீஃபன் பாப்காக் என்ற பேராசிரியர் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அளக்கும் எளிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். கந்தக அமிலம், கழுத்து நீண்ட குப்பி, கையால் சுற்றும் சுழல் இயந்திரம், அவ்வளவுதான். காப்புரிமை வேண்டாம் என்று சும்மா கொடுத்துவிட்டார். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் பிழைப்பு கெட்டது. நல்ல பசு வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைத்தது. விஸ்கான்ஸின் பால் மாநிலமாக வளர்ந்தது. நம் ஊர்ப் பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்துக் காசு கொடுக்கிறார்களே, அந்த யோசனைக்கு மூத்த அண்ணன். ஆக, தானம் டொரண்டோவின் சொத்து என்று யாரும் சொல்ல முடியாது. மேடிஸன் முப்பது வருடம் முன்பே அதைச் செய்துவிட்டது.

பாப்காக் இருந்த வேளாண் கல்லூரியில் பேராசிரியரான ஹாரி ஸ்டீன்பாக் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. குவார்ட்ஸ் பாதரச விளக்கின் புறஊதாக் கதிரைத் தீவனத்தின் மேல் பாய்ச்சி எலிகளுக்குக் கொடுத்தால் அவற்றின் எலும்பு நோய் குணமாகிறது என்று 1924ல் கண்டார். உடம்பில் வெயில் பட வேண்டியதில்லை, சாப்பாட்டில் வெயில் பட்டால் போதும் என்று ஆயிற்று. புகைமண்டிய வட அமெரிக்க நகரங்களில் வைட்டமின் டி குறைந்து ரிக்கெட்ஸ் என்ற அந்த எலும்பு நோய் வந்து கால் வில்லாக வளைந்த பிள்ளைகள் தெருத்தெருவாக இருந்த காலம். ஓட்ஸிலும் பாலிலும் மலிவாக வைட்டமின் டி ஏற்ற வழி பிறந்துவிட்டது. ஸ்டீன்பாக் தன் பையிலிருந்து 300 டாலர் போட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். க்வேக்கர் ஓட்ஸ் கம்பெனி பத்து லட்சம் டாலருக்குச் சற்றே குறைந்த தொகை தர முன்வந்தது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

பட்டமேற்படிப்புத் தலைவர் சார்லஸ் ஸ்லிக்டரோடு சேர்ந்து, பழைய மாணவர்கள் சிலரைத் திரட்டி, 1925 நவம்பரில் வார்ஃப் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சட்டப்படி தனி அமைப்பு. காப்புரிமை அதன் கையில். வரும்படியை முதலீடு செய்து, லாபத்தை ஆராய்ச்சிக்கு மட்டும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது அதன் வேலை. வேடிக்கை என்னவென்றால், அதே 1925ல்தான் அந்தப் பல்கலைக்கழக நிர்வாகக் குழு ராக்ஃபெல்லர் பணம் போன்ற தனியார் அறநிறுவனக் கொடைகளைத் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டிருந்தது. முன் வாசலில் பணக்காரர் காசு வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டுப் பின் கட்டில் உண்டியல் வைத்த கதை. 1927ல் க்வேக்கர் ஓட்ஸுக்கே முதல் உரிமம் போனது, விலைக்கு அல்ல, ராயல்டிக்கு. ரிக்கெட்ஸ் இருபது வருடத்துக்குள் அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து ஏறக்குறைய மறைந்தது. அதில் இந்தக் கதிர்வீச்சு முறைக்குப் பெரிய பங்குண்டு.

இதுவரை மேடிஸனைக் குறைசொல்ல எதுவும் இல்லை. குறை மார்கரினில் வருகிறது. நம் வீடுகளில் நெய்க்கு டால்டா எப்படியோ அப்படி, வெண்ணெய் வாங்க வக்கில்லாத அமெரிக்க வீடுகளில் மார்கரின். ரிக்கெட்ஸ் வந்தது பெரும்பாலும் அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு. வைட்டமின் டி சேர வேண்டிய இடமும் அதுதான். மார்கரின் கம்பெனிகளுக்கு வார்ஃப் உரிமம் தரவில்லை. வெண்ணெய்க்குப் போட்டியாக வரும் பொருளுக்கு வெண்ணெய் மாநிலத்தின் பல்கலைக்கழகம் உயிர் கொடுக்குமா? விஸ்கான்ஸினில் மஞ்சள் நிற மார்கரின் விற்பதற்கே 1967 வரை தடை இருந்தது என்றால் பால் பண்ணையாரின் பலம் புரியும். ஸ்டீன்பாக் இதை மறைக்கவில்லை; காப்புரிமை வாங்கியதன் நோக்கங்களில் பால் விவசாயியைக் காப்பதும் ஒன்று. மாநிலத்து வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் பேராசிரியர் மாநிலத்து விவசாயிக்கு விசுவாசமாக இருந்தார். விசுவாசம் தப்பில்லை. ஆனால் அதன் விலையைச் சிகாகோவின் வாடகைக் குடியிருப்புகளில் வளைந்த காலோடு நடந்த பிள்ளைகள் கொடுத்தார்கள்.

விவகாரம் நீதிமன்றம் போனது. வெயிலில் வைக்கோலைக் காயவைக்கும் விவசாயி காலங்காலமாகச் செய்வதும் இதுதானே என்ற ரீதியில் மேல்முறையீட்டு நீதிபதிகள் கேட்டார்கள். ஏழைகளின் வெண்ணெய்க்கு உரிமம் மறுத்ததையும் சும்மா விடவில்லை. 1945ல் காப்புரிமை செல்லாது என்று ஆயிற்று. 1946ல் மிச்சமிருந்த உரிமைகளையும் பொதுவில் விட அறக்கட்டளை ஒப்புக்கொண்டது.

அதற்குள் அந்தப் பணம் தன் வேலையைச் செய்திருந்தது. அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், மாநில அரசின் கஜானா காய்ந்து கிடந்தபோது மேடிஸனின் ஆய்வுக்கூடங்களில் விளக்கெரிய வைத்தது வைட்டமின் டி ராயல்டி. 1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், பனிப்புயலுக்கு நடுவே, 190 மைல் தூரத்திலிருந்து ஒரு விவசாயி மேடிஸனுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, கெட்டுப்போன மணப்புல் வைக்கோல் ஒரு கட்டு, பால் கேன் நிறைய ரத்தம். அந்த ரத்தம் உறையவே இல்லை. கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவு ஒன்று கண்ணில் பட்டு உள்ளே போனார். அது கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் கூடம்.

லிங்க்கால் அன்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அந்த வைக்கோலைப் போடாதீர்கள், முடிந்தால் மற்ற மாடுகளுக்கு ரத்தம் ஏற்றிப் பாருங்கள். இது 1920களிலேயே கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் எழுதியதுதான். அந்த விவசாயி வெறுங்கையோடு புயலில் திரும்பிப் போனார். அவர் மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதாவது நல்லது எதுவும் ஆகவில்லை. கேனில் இருந்த ரத்தத்தை லிங்க்கும் மாணவர்களும் விடவில்லை. ஆறு வருடம். ஈரத்தில் பூஞ்சை பிடித்த புல்லில் கூமரின் என்னவாக மாறுகிறது என்று தேடி, 1939 ஜூனில் டைகூமரால் என்ற பொருளைப் படிகமாக எடுத்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாக அது மருத்துவமனைக்குப் போனது. அதன் உறவுப் பொருட்களை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்ததில் நாற்பத்திரண்டாவது 1948ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. அதுதான் வார்ஃபரின். 1954ல் மனிதருக்குக் கொடுக்க அனுமதி. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். எலிக்கு வைத்ததை அதிபருக்குக் கொடுத்தார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

பூஞ்சை பிடித்த புல்லை ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்? ரிக்கெட்ஸைத் தீர்த்த ராயல்டி, ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்துக்கு முதலானது. விதைநெல்லை எடுத்துவைப்பது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். ராயல்டியைவிட அதை முதலீடு செய்து பெருக்கியதில் வந்தது அதிகம். அந்த உண்டியல் இதுவரை விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது நூறு கோடி டாலருக்கும் மேல். தானக் கதையை விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாகத்தான் இருக்க வேண்டும்.

டொரண்டோவிடம் விதைநெல் இல்லையா? இருந்தது, வேறு உருவத்தில். மேடிஸன் பணப்பெட்டி வைத்தது என்றால் டொரண்டோ தொழிற்சாலை வைத்திருந்தது. 1914லேயே மலிவு விலையில் தொண்டை அடைப்பான் மருந்து செய்யத் தொடங்கிய கன்னாட் ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகத்தின் சொந்த மருந்தாலை. கனடாவுக்கான இன்சுலின் அங்கேதான் தயாரானது. இன்சுலின் விற்பனையும் ராயல்டியும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே திரும்பின. 1954ல் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசியை அமெரிக்காவில் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் சோதித்தபோது, அதற்கு வேண்டிய வைரஸ் திரவத்தைப் பெருமளவில் வளர்த்துக் கொடுத்தது கன்னாட். வைரஸ் வளரும் ஊட்டத் திரவமும் அங்கே கண்டுபிடித்தது, குப்பிகளை ஆட்டிக்கொண்டே வளர்க்கும் முறையும் லியோன் ஃபாரல் என்ற பெண் விஞ்ஞானி அங்கே உருவாக்கியது. குடுவையில் வந்தது பாத்திரத்தில் வராமல் 1922ல் பட்ட பாடு அந்த வீட்டுக்குப் பாடமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய அளவில் செய்துகாட்டுவதும் ஆராய்ச்சிதான் என்பதை டொரண்டோ மேடிஸனைவிட நன்றாக அறிந்திருந்தது. 1972ல் கன்னாட்டைப் பல்கலைக்கழகம் விற்றுவிட்டது. வந்த பணத்தில் ஓர் ஆய்வு நிதி அமைத்தார்கள். ஆக, டொரண்டோவும் கடைசியில் பணப்பெட்டிக்கு வந்துசேர்ந்தது. மருந்தாலை கைமாறிக் கைமாறி இன்று சனோஃபி என்ற பன்னாட்டு நிறுவனத்தின் பகுதி. என்னைக் கேட்டால் விற்றது நஷ்ட வியாபாரம்.

பிறகு உலகம் மேடிஸன் பக்கம் சாய்ந்தது. அரசுப் பணத்தில் கிடைத்த கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகமே சொந்தம் கொண்டாடலாம் என்ற பே-டோல் சட்டம் 1980 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் வார்ஃபின் வழக்கறிஞர் ஹோவர்ட் பிரெமர். அதே மாதம், ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹெனும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் கண்டறிந்த மரபணு ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. கேட்ட எல்லோருக்கும், ஆரம்பக் கட்டணம் பத்தாயிரம் டாலர் என்று கொடுத்தார்கள். 468 கம்பெனிகள் வாங்கின. 1997ல் முடியும்வரை இரண்டு பல்கலைக்கழகங்களுக்குமாக வந்தது 25 கோடி டாலருக்கும் மேல். யாரையும் வாசலில் நிறுத்தாமலே உண்டியல் நிரம்பும் என்று காட்டிய உதாரணம் இது.

அந்த முறையில் பாக்டீரியாவுக்குள் செய்த முதல் மருந்து என்ன தெரியுமா? இன்சுலின். 1982ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, விற்றது அதே லில்லி. பிறகு இன்சுலின் மூலக்கூறையே சற்று மாற்றிய புது வகைகள், ஒவ்வொன்றுக்கும் புதுக் காப்புரிமை. 1996ல் ஹ்யூமலாக் குப்பி ஒன்றின் பட்டியல் விலை 21 டாலர்; 2019 வாக்கில் சுமார் 275. அமெரிக்காவில் ஊசியின் அளவைக் குறைத்து நாள் கடத்தியவர்கள் செய்தியானார்கள். அரசியல் நெருக்கடி முற்றி 2023ல் லில்லி விலையை 70 விழுக்காடு குறைத்தது. ஒரு டாலர் தானம் இதையெல்லாம் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. பான்டிங்கும் நண்பர்களும் எழுதிக்கொடுத்த உரிமையின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. அத்தையின் கதவுத் தட்டில் உள்ள மனித இன்சுலின் நம் நாட்டில் கட்டுப்படியாவதற்கு ஒரு காரணம், மத்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது இருப்பது.

இரண்டையும் தராசில் வைத்தால் எனக்கு முள் ஒரே பக்கம் நிற்பதில்லை. நோயாளிக்குக் காவல் இருந்ததில் டொரண்டோ மேல். அடுத்த தலைமுறை ஆராய்ச்சிக்குச் சோறு போட்டதில் மேடிஸன் மேல், வெகுதூரம் மேல். மார்கரின் விஷயத்தில் மேடிஸன் செய்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை. பாப்காக் இருந்த வீட்டில் அது நடந்தது என்பதால் இன்னும் கோபம்.

இந்தியாவில் பே-டோல் சாயலில் ஒரு மசோதா 2008ல் மாநிலங்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஆனாலும் நம் பல்கலைக்கழகங்களிலும் ஐ.ஐ.டி.யிலும் காப்புரிமைக்கென்று பிரிவுகள் வந்துவிட்டன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கைத் தெரியாத தோப்புக்காரர் குறைவு. நாளைக்கு இங்கிருந்து ஒரு தடுப்பூசியோ மாத்திரையோ வரும்போது, உரிமப் பத்திரம் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை விழுக்காடு ராயல்டி என்று பேசத் தொடங்கும் முன் இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள்: தயாராகும் ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பது யார், மலிவுப் பொருள் செய்கிறவர் வந்து கேட்டால் உரிமம் உண்டா. முதல் வரியை டொரண்டோவிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வரி மேடிஸன் பத்திரத்தில் இல்லை.